குதிரையைப் பார்க்க ஆள் வரும் முன்

கேள்வி: எங்கள் மார்வாரி பெண் குதிரைக்கு ஏழு வயது. ஆடியில் அந்தியூர் சந்தைக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே விற்க நினைக்கிறோம். மூன்று வாரம் கழித்து இரண்டு பேர் பார்க்க வருகிறார்கள். குதிரை கொஞ்சம் இளைத்திருக்கிறது. கொள்ளைக் கூட்டிக் கொடுக்கலாமா? வேறென்ன செய்ய வேண்டும்?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: கொள்ளைத் திடீரென்று கூட்டாதீர்கள். மூன்று வாரத்தில் சதை பிடிக்காது, ஆபத்துதான் வரும். செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். அதனால் வயிற்றுவலி வரலாம், குளம்பு அழற்சியும் வரலாம். கூட்டியே ஆக வேண்டுமானால் 7 முதல் 10 நாளில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். அதைவிட முக்கியம் காய்ந்த புல். 350 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 7 கிலோ உலர்தீவனம் போக வேண்டும். அவ்வளவு தின்றும் இளைப்பு மாறவில்லை என்றால் சாணத்தைக் குடற்புழு சோதனைக்குக் கொடுங்கள், கடைவாய்ப் பற்களையும் மருத்துவரிடம் காட்டுங்கள். பல் விளிம்பு கூர்மையாகிவிட்டால் பாதி மென்ற புல்லை உருண்டையாகத் துப்பும். அரம் போட்டுத் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும்.

லாடத்தை ஆள் வருவதற்குப் பத்து நாள் முன்பே மாற்றிவிடுங்கள். முந்தின நாள் அடித்தால், ஆணி உள்சதையை ஒட்டி இறங்கியிருந்தாலும் உடனே தெரியாது. ஓரிரு நாள் கழித்து, வாங்க வந்தவர் கண்முன்னே நொண்டும். லாடம் மாற்றும்போதே குளம்பின் அடியில் உள்ள முக்கோண மென்பகுதியை முகர்ந்து பாருங்கள். அழுகல் நாற்றம் அடித்தால் சுத்தம் செய்து, லாயத்தின் தரையை ஈரமில்லாமல் வையுங்கள். குளம்புக்குக் கறுப்பு மை பூச வேண்டாம். வெடிப்பை மறைக்கிறார்கள் என்றுதான் விவரம் தெரிந்தவர் நினைப்பார்.

குளிப்பாட்டுவது இரண்டு நாள் முன்பு போதும். மினுமினுப்பு ஷாம்பூவில் வராது, தினமும் இருபது நிமிடம் பிரஷ் போட்டால் வரும்.

இந்த மூன்று வாரத்தில் நீங்கள் செய்யக்கூடிய பெரிய வேலை பழக்குவதுதான். நாலு காலும் ஊன்றி அசையாமல் நிற்கவும், கேட்டவுடன் ஒவ்வொரு காலாகத் தூக்கிக் கொடுக்கவும், வாயைத் திறந்து பல்லைக் காட்டவும் தினமும் பத்து நிமிடம் பழக்குங்கள். பிறகு கெட்டியான சமதரையில் 30 மீட்டர் நேர்க்கோட்டில் நடத்தி, திருப்பி, ஓட்டிக் காட்டுங்கள். கயிற்றைத் தளர்வாகப் பிடியுங்கள். முன்கால் வலிக்கும் குதிரை, நல்ல கால் ஊன்றும்போது தலையைத் தாழ்த்தும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் அந்தத் தலையசைப்பு தெரியாமல் போகும். அதற்காகவே இறுக்குகிறீர்கள் என்ற சந்தேகம் வரும்.

ஆள் வரும் நாள் காலையில் குதிரையை முன்கூட்டியே ஓட்டி வைக்காதீர்கள். கட்டுத்தறியில் சும்மா நிற்பதை, சேணம் பூட்டும்போது எப்படி நடந்துகொள்கிறது என்பதை வந்தவர் முதலிலிருந்து பார்க்க வேண்டும். முதுகில் வியர்வைத் தடம் இருந்தால் துடிப்பை அடக்கக் களைக்க வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பார், அப்படி நினைப்பது நியாயமும்கூட. முதலில் உங்கள் ஆள் ஏறி ஓட்டட்டும், பிறகு அவர் ஏறட்டும். ஹெல்மெட் இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள்.

வயதையும் கூட்டிக் குறைத்துச் சொல்ல முடியாது. 5 வயதுக்குள் முன்பற்கள் எல்லாம் விழுந்து முளைத்துவிடும். மேல்வரிசை ஓரப்பல்லில் பள்ளக்கோடு தெரிவது 10 வயதையொட்டித்தான். ஏழு என்று சொல்லி அந்தக் கோடு இருந்தால் பேச்சு அங்கேயே முறியும்.

ராசி பார்க்கிற சுழியை, அதாவது உடம்பில் முடி சுழித்திருக்கும் இடங்களை, முதலிலேயே படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். உங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். நம்புகிறவர் வந்து பார்த்துத் திரும்பிப்போவதால் இரண்டு பேருக்கும் ஒரு நாள் வீண்.

கேள்வி: இடது முன்காலில் பழைய வீக்கம் உண்டு. சில நாள் நொண்டும். ஊசி போட்டால் அன்றைக்குத் தெரியாது என்கிறார் தரகர்.

பதில்: வேண்டவே வேண்டாம். வலிமருந்து வலியை மட்டும்தான் மறைக்கும், காயம் அப்படியே இருக்கும். வலி தெரியாமல் ஓடி அந்தக் கால் இன்னும் கெடும். ரத்தப் பரிசோதனையில் மருந்து தெரிந்துவிடும். வீக்கத்தைப் போனிலேயே சொல்லுங்கள், எக்ஸ்ரே இருந்தால் அனுப்புங்கள். விலை குறையும்தான். ஆனால் நடைப்பயிற்சிக்கோ குழந்தைகள் பழகவோ குதிரை தேடுகிறவருக்கு அது பொருந்தலாம்.

கேள்வி: என்னென்ன காகிதம் தயாராக வேண்டும்?

பதில்: கிளாண்டர்ஸ் சோதனை முடிவை முதலில் வாங்குங்கள். இது மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கக்கூடிய நோய். சந்தேகம் வந்தாலே அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அரசு கால்நடை மருத்துவர் மூலம் ரத்த மாதிரி கொடுங்கள். ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையம் இந்தச் சோதனையைச் செய்கிறது. முடிவு வர நாளாகும், ஆள் வரும் வாரத்தில் ஓடினால் கைக்கு வராது. டெட்டனஸ் ஊசி போட்ட தேதியை எழுதி வையுங்கள். விற்பனைச் சீட்டில் நிறம், நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, சுழிகள், மைக்ரோசிப் இருந்தால் அதன் எண், நீங்கள் சொல்லிய குறைகள் எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முன்பணம் வாங்கினால் அதை எந்தச் சூழலில் திருப்பித் தருவீர்கள் என்பதும் அதே சீட்டில் இருக்கட்டும்.