கறுத்துப்போகும் துணியும் ஒரு ஜீனும்

கேள்வி: என் பையனுக்கு ஏழு மாதம். அவன் யூரின் போன துணியை அலசாமல் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் பழுப்பாகி, அப்புறம் கறுத்துவிடுகிறது. சோப்புப் போட்டால் கறை இன்னும் அடர்த்தியாகிறது. மாமியார் கண் பட்டுவிட்டது என்கிறார், பக்கத்து வீட்டு அக்கா போர்த் தண்ணீரில் இரும்பு இருக்கும் என்கிறார். டாக்டர் ‘அல்காப்டோனூரியா’வாக இருக்கலாம், டெஸ்ட் எடுங்கள் என்றார். நானும் கணவரும் சொந்தம், அவர் என் அத்தை மகன். பயமாக இருக்கிறது.
- பெயர் வேண்டாம், தென்காசி

முதலில் ஒன்று: டாக்டர் சொன்னது போலவே இருந்தாலும் குழந்தைக்கு இப்போது எந்த ஆபத்தும் இல்லை. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

நாம் சாப்பிடும் புரதத்தில் டைரோசின் என்று ஒன்று இருக்கிறது. உடம்பு அதைப் படிப்படியாக உடைத்துக்கொண்டே போகும்போது நடுவில் ஹோமோஜென்டிசிக் அமிலம் உண்டாகும், அதை அடுத்த படிக்குத் தள்ளிவிட கல்லீரலில் ஒரு என்சைம் வேண்டும். அந்த என்சைமைச் செய்யும் குறிப்பு 3-ஆம் குரோமோசோமில் எச்.ஜி.டி. என்ற ஜீனில் இருக்கிறது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று வரும் அதன் இரண்டு பிரதியிலும் பிழை இருந்தால் என்சைம் வேலை செய்யாது, அமிலம் அப்படியே சிறுநீரில் வந்துவிடும். காற்றுப் பட்டால் அது கறுக்கும், காரம், அதாவது அமிலத்துக்கு எதிரான ஆல்கலி, பட்டால் சீக்கிரமே கறுக்கும். சோப்பு காரம்தானே, நீங்கள் கண்டது சரி.

ஆர்ச்சிபால்ட் காரட் என்ற லண்டன் டாக்டர் நூற்றிருபது வருடத்துக்கு முன்னால் இதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கோளாறு இருந்த ஒரு பையனின் அம்மா மறுபடி கர்ப்பமானபோது, பிறக்கும் குழந்தையின் துணிகளைக் கவனிக்கச் சொல்லி வைத்தார். மூன்றாம் நாளே கறை. அப்படியானால் இது எங்கிருந்தோ தொற்றியது இல்லை, பிறவியிலேயே வந்தது என்று அவருக்குத் தெளிவானது. இந்தக் குழந்தைகளின் பெற்றோர் பலர் கூடப் பிறந்தவர்களின் பிள்ளைகளாக, அதாவது நம் கணக்கில் அத்தை மகன், மாமன் மகள் போன்ற உறவாக இருந்ததையும் கவனித்து 1902-இல் எழுதினார். மனித நோய் ஒன்று, பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்கு எப்படி வருகின்றன என்று சொல்லும் மெண்டலின் விதிப்படி இறங்குகிறது என்று முதலில் சொன்னது இந்தக் கறையை வைத்துத்தான். ஜீன் கையில் சிக்க 1996 ஆனது, அதுவும் ஸ்பெயின் ஆய்வாளர்கள் முதலில் ஒரு பூஞ்சைக் காளானில் கண்டுபிடித்து அதன் வழியாக மனித ஜீனுக்கு வந்தார்கள்.

வீட்டில் செய்ய ஒன்று உண்டு: யூரினைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்துத் திறந்து வையுங்கள், மேலிருந்து கீழாகக் கறுத்துக்கொண்டு வரும். ஆனால் சில மருந்துகளாலும் நிறம் மாறும் என்பதால் இதை வைத்து முடிவு கட்டாதீர்கள், சிறுநீரில் அந்த அமிலத்தை அளக்கும் டெஸ்ட்டும் ஜீன் டெஸ்ட்டும்தான் முடிவு. பழைய பெனடிக்ட் முறையில் பார்த்தால் சர்க்கரை இருப்பது போலக் காட்டும். யாராவது குழந்தைக்கு சுகர் என்றால் அதிர்ந்துவிடாமல் ரத்தத்தில் குளுக்கோஸ் பாருங்கள்.

அடுத்த குழந்தைக்கு? உங்கள் இருவரிடமும் ஒவ்வொரு பிழைப் பிரதி இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேருக்கு வராது என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அப்படி இல்லை. யார் மேலும் பழி போடவும் இதில் இடமில்லை, அந்தப் பிழை உங்கள் இருவருக்கும் பொதுவான தாத்தா பாட்டியில் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம், அவருக்கே தெரிந்திருக்காது.

கேள்வி: இது வெள்ளைக்காரர்களுக்கு வரும் வியாதி என்று படித்தேனே? - ஒரு வாசகர், ஈரோடு

இரண்டரை லட்சம் பேரில் ஒருவருக்கு என்பது பொதுவான கணக்கு. ஐரோப்பிய நாடான ஸ்லோவாக்கியாவில் சுமார் 19,000 பேருக்கு ஒருவர், அங்கே மலைக் கிராமங்கள் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்ததால் பெருகியது. நம் ஊரிலும் உண்டு: தமிழ்நாட்டு நரிக்குறவர் சமூகத்தில் எச்.ஜி.டி. ஜீனின் ஒரே பிழை திரும்பத் திரும்ப வருவதை 2014-இல் வெளியான ஆய்வு சொன்னது. சிறிய வட்டத்துக்குள் திருமணம் செய்யும் எந்தக் கூட்டத்துக்கும் இது நடக்கும், அவர்களை மட்டும் சுட்டிக்காட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை.

கேள்வி: என் அண்ணனுக்கு 44 வயது. காது மடல் நீலம் பாரித்திருக்கிறது, வெள்ளை விழியில் கறுப்புப் புள்ளி. டிஸ்க் தேய்மானம் என்று பத்து வருடமாக வைத்தியம். சம்பந்தம் இருக்குமா? - மதுரை வாசகி

இருக்கலாம், கட்டாயம் பாருங்கள். அந்த அமிலம் முழுதும் சிறுநீரில் போய்விடுவதில்லை, கொஞ்சம் குருத்தெலும்பில் படிந்து கறுப்பாக இறுகுகிறது. அப்படி இறுகிய குருத்தெலும்பு எளிதில் உடையும். முப்பது, நாற்பது வயதில் முதுகு, அப்புறம் முட்டி, இடுப்பு என்று போகும். முட்டி மாற்று அறுவையில் திறந்து பார்க்கும்போதுதான் கரி போன்ற குருத்தெலும்பைக் கண்டு சர்ஜனுக்கே தெரியவந்த கதைகள் ஏராளம். இதய வால்வையும் பாதிக்கும், எக்கோவும் எடுத்துவிடுங்கள். சின்ன வயதில் அவர் துணியில் கறை இருந்ததா என்று அம்மாவிடம் கேளுங்கள்.

கேள்வி: மருந்து உண்டா? - அதே வாசகி

நிடிசினோன். களைக்கொல்லி ஆராய்ச்சியிலிருந்து வந்தது. ஊட்டி, கொடைக்கானல் பூங்காக்களில் சிவப்பாகத் தொங்கும் பாட்டில் பிரஷ் பூ பார்த்திருப்பீர்களே, அந்த மரத்தடியில் களை அதிகம் முளைக்காததைக் கவனித்ததில் தொடங்கியது அந்த ஆராய்ச்சி. உடைந்த மடைக்கு மேலே இருக்கும் மடையை அடைத்துவிடுவது போல, அமிலம் உண்டாவதற்கு முந்தின படியையே இது நிறுத்திவிடுகிறது. தினம் 10 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததில் சிறுநீரில் அமிலம் 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது, 2020-இல் ஐரோப்பா பெரியவர்களுக்கு அனுமதித்தது. மேல் மடையில் தண்ணீர் தேங்கும் இல்லையா, அதுபோல ரத்தத்தில் டைரோசின் ஏறும், கண் எரியும், கூசும். அதனால் பருப்பு, முட்டை, கறி, பால் எல்லாம் அளந்துதான் சாப்பிட வேண்டும், ரத்தமும் கண்ணும் அவ்வப்போது பார்க்க வேண்டும். விலையும் அதிகம், பக்கத்து மெடிக்கலில் கிடைக்காது. ஏற்கெனவே தேய்ந்ததை இது திருப்பித் தராது, மேற்கொண்டு படிவதைத்தான் குறைக்கும். வைட்டமின் சி மாத்திரை போதும் என்று யாராவது சொன்னால், அது உதவுவதாக நிரூபணம் இல்லை.