அந்த நாற்பதாயிரம்தான் வழக்கு

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் வசிக்கிறேன். வரன் பார்க்கும் தளத்தில் பழக்கமானவர், ஏற்காட்டில் காபித் தோட்டம் வாங்குவதாகச் சொல்லி என் வங்கிக் கணக்கில் 4.8 லட்சம் வரவழைத்தார். 4.4 லட்சத்தை அவர் சொன்ன கணக்குகளுக்கு அனுப்பினேன். மீதி 40,000 ரூபாயை, முன்பு நான் கொடுத்த கைமாத்தில் கழித்துக்கொள்ளச் சொன்னார். நகைக் கடனுக்குக் கட்டிவிட்டேன். பணம் போட்டவரும் அவரை நம்பிய இன்னொரு பெண்ணாம்! அவர் தலைமறைவு. என்மேல் மோசடி வழக்கு. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லி போலீசிடமிருந்து 35(3) நோட்டீஸ் வந்திருக்கிறது. ஏமாந்த நானே குற்றவாளியா?

பதில்: கல்யாணப் பேச்சு, ஊரார் ஏச்சு எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். அது ஏமாற்றி வாங்கிய பணம் என்று அன்றைக்கு உங்களுக்குத் தெரியுமா? மோசடிக்கான பிரிவான பாரதிய நியாய சன்ஹிதா 318(4) அதைச் சுற்றித்தான் நிற்கிறது. தண்டனை 7 ஆண்டு வரை. கைமாறிப்போன 4.4 லட்சத்தைவிட, உங்களிடம் தங்கிய 40,000தான் ஆபத்து. போலீஸ் அதைக் கமிஷன் என்பார்கள். கைமாத்து கொடுத்த தேதியின் வங்கி வரவு செலவும், ‘கழித்துக்கொள்’ என்ற வாட்ஸ்அப் செய்தியும் இருந்தால் பதில் இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷிய அதினியம்) கேட்கும் 63(4) சான்றிதழ் வேண்டும், அதற்கு அந்தப் போனே வேண்டும். கோபத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிட்டு வருபவர்களுக்கு வாதாட எதுவும் மிஞ்சுவதில்லை.

முன்ஜாமீனுக்கு அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் மனுப் போட்டுவிட்டு, நோட்டீஸ் தேதியில் தவறாமல் ஆஜராகுங்கள். பெரும்பாலோர் விழுவது அதற்குப் பிறகுதான். ஸ்டேஷனில் ‘எழுதிக் கொடுத்துட்டுப் போங்கம்மா, முடிச்சுக்கலாம்’ என்பார்கள். போலீசிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று யாராவது தைரியம் சொல்லியிருப்பார்கள். ஆனால் புகார்தாரர் பெயருக்கு ‘பணத்தைத் திருப்பித் தருகிறேன், மன்னிக்கவும்’ என்று நீங்கள் எழுதும் கடிதத்துக்கு அந்தப் பாதுகாப்பைச் சுலபமாகக் கேட்க முடியாது. விசாரணையில் சொல்வதை அதிகாரி எழுதிக்கொள்ளட்டும். அந்த வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்துப் போடத் தேவையில்லை.

உங்களை ஏமாற்றியவர்மேல் எதிர்ப்புகார் கொடுப்பதானால், ‘சந்தேகம் இருந்தும் அன்பினால் செய்தேன்’ என்ற வரி மட்டும் அதில் வரவே கூடாது. அந்த ஒரு வரி உங்களுக்கே எதிராக நிற்கும்.

வெளிப்படையாகச் சொன்னால், புகார் கொடுத்த பெண்ணோடு சமரசம் பேசுங்கள். 318(4)-ஐ கோர்ட் அனுமதியோடு சமரசம் செய்யலாம். அவர் முழுத் தொகையும் கேட்பார். 40,000-க்கு மேல் ஓரளவு சேர்த்துக் கொடுத்தாவது முடிப்பது, வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு அலைவதைவிட மேல். பணத்தை மட்டும் முன்னால் கொடுத்துவிடாதீர்கள். வாங்கிக்கொண்டு, ‘தப்பு செய்ததால்தானே கொடுத்தாள்’ என்று கூண்டில் சாட்சி சொன்னவர்கள் உண்டு. குற்றத்தை ஏற்கவில்லை என்று வக்கீல் கடிதம் எழுதி, சமரச மனுவில் இரு தரப்பும் கையெழுத்திடும் அன்றே புகார்தாரர் பெயருக்கு டிடி கொடுங்கள். ரொக்கம் வேண்டாம். வேறு ஊரிலும் இதே கணக்கைக் குறித்துப் புகார் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் இந்தச் சமரசம் அதைக் கட்டுப்படுத்தாது.

தலைமறைவானவர் புது எண்ணிலிருந்து கூப்பிட்டால் பேசாதீர்கள். எண்ணையும் நேரத்தையும் எழுதி விசாரணை அதிகாரியிடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.