கொரோனா வார்டில் வேலை பார்த்த நர்ஸுக்கு இன்னும் ஏன் தூக்கம் வருவதில்லை?

உங்கள் அக்கா 2021-இல் கொரோனா வார்டில் நர்ஸாக இருந்தார், இன்றும் ராத்திரியில் திடுக்கிட்டு எழுகிறார், அந்த நாட்களைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுகிறார், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவமனையின் கொரோனா வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். அதனால் எழுதுகிறேன்.

நோய் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம்தான் எங்களைப் பாதித்தது என்று பலர் நினைக்கிறார்கள். பயம் இருந்தது. தடுப்பூசி போட்ட பிறகு அதில் பாதி போய்விட்டது. போகாமல் நின்றது வேறு. என்ன செய்தால் ஒருவர் தேறுவார் என்று தெரிந்தும் அதைச் செய்ய ஆளும் படுக்கையும் இல்லாமல் நின்ற நேரங்கள்தான் அவை. 2021 மே மாதம் வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நிற்கும், அதற்குள்ளேயே நோயாளிக்கு ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருக்கும். ஐசியுவில் ஒரு நர்ஸுக்கு ஒன்றிரண்டு நோயாளிகள்தான் இருக்க வேண்டும். எங்களிடம் இருந்தது அதைப்போலப் பல மடங்கு. ஒருவரைக் குப்புறப் படுக்க வைத்துவிட்டு நிமிர்ந்தால் மூன்று படுக்கை தள்ளி மானிட்டர் கத்தும். அங்கே ஓடினால் இங்கே ஒருவர் மூச்சுத் திணறலில் மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டிருப்பார். முதலில் யாரிடம் போவது? அந்த நொடியில் நாங்களேதான் முடிவெடுக்க வேண்டும். எடுத்த முடிவு சரிதான் என்று புத்திக்குத் தெரியும். ஆனாலும் படுத்தால், போக முடியாமல் போன படுக்கைதான் கண்ணுக்குள் நிற்கும்.

கவச உடைக்குள் மணிக்கணக்கில் தண்ணீரும் கிடையாது, பாத்ரூமும் கிடையாது, மாதவிடாய் நாளானாலும் அப்படித்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். முதல் அலையில் உறவினர்களை உள்ளே விடாததால் நாங்கள்தான் வீடியோ கால் போட்டுப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்போம். "அம்மா கையை ஆட்டுறாங்க பாருங்க" என்று மகளிடம் சொல்லியிருப்போம். மறுநாள் அதே எண்ணுக்குக் கூப்பிட்டு அம்மா போய்விட்டார் என்றும் சொல்லியிருக்கிறோம். அழுவதற்கு நேரம் கிடையாது. உடலைச் சுற்றி அனுப்பியதும் தூய்மைப் பணியாளர் அக்கா கட்டிலைத் துடைப்பார், அடுத்தவர் வந்துவிடுவார். (எங்களைவிட அதிக உடல்களைத் தூக்கியது அந்த அக்காக்கள்தான். தூங்கினீர்களா என்று அவர்களை யாரும் கேட்டதில்லை.)

வெளியே நடந்ததும் சேர்ந்துகொண்டது. 2020 மார்ச் 22 அன்று நாடே எங்களுக்காகக் கை தட்டியது. ஒரு மாதம் முடிவதற்குள் சென்னையில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸை அடக்கம் செய்யவிடாமல் ஆம்புலன்ஸை அடித்து நொறுக்கினார்கள். கடைசியில் நள்ளிரவில் சக மருத்துவர் ஒருவரே மண்ணை அள்ளிப் போட்டு அடக்கம் செய்தார். அந்த வாரமே மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது, மருத்துவப் பணியாளர்களைத் தாக்கிப் பலத்த காயம் ஏற்படுத்தினால் ஏழாண்டு வரை சிறை. சரி, சட்டம் வந்தது. ஆனால் எனக்கும் இப்படித்தான் ஆகுமோ என்று அன்று எங்கள் டூட்டி ரூமில் எழுந்த கேள்வியை எந்தச் சட்டமும் எடுத்துவிடவில்லை.

அப்புறம் வேலை. கொரோனாவுக்கென்று ஒப்பந்தத்தில் எடுத்த நர்ஸுகளுக்குத் தொகுப்பூதியம் மாதம் 14,000 ரூபாய். அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-உடன் முடித்துக்கொள்ளப்பட்டது. மனநல ஆலோசனைக்கு ஒரு போன் நம்பர் கொடுத்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எங்களுக்கு முதலில் வேண்டியிருந்தது இன்னும் இரண்டு நர்ஸ்கள், வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு, அடுத்த மாதம் வேலை இருக்கும் என்ற உறுதி. ஆள் போடாமல் தைரியம் சொல்வதை நான் ஆதரவு என்று ஏற்க மாட்டேன்.

என்னைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தியது எங்கள் சீனியர் சிஸ்டர். டூட்டி முடிந்து உடை மாற்றியதும் எல்லோரையும் உட்கார வைத்து டீ கொடுப்பார். இறந்தவர்களைப் பேர் சொல்லிப் பேச விடுவார். அழுதால் தடுக்க மாட்டார்.

உங்கள் அக்காவிடம் "அதெல்லாம் முடிஞ்சு போச்சு, மறந்துடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். சம்பவத்தைத் தோண்டித் தோண்டிக் கேட்கவும் வேண்டாம். அவருடன் அந்த வார்டில் இருந்த யாராவது ஒருவரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், அவர்கள் பேசிக்கொள்ளட்டும். இத்தனை வருடமாகத் தூக்கம் கெடுகிறது என்றால் அதற்கு மருத்துவம் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. தெரிந்தவர்கள் பார்ப்பார்களே என்று அக்கா தயங்கினால், 14416-க்கு அழைத்தால் டெலி மானஸில் (அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை) தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. முதல் தடவை போகும்போது நீங்களும் கூடப் போங்கள்.