மாலைப் பேச்சை நிறுத்த வேண்டாம்

வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையிலிருந்து அதே மாவட்டத்துச் சித்தூர் கல்லூரிக்கு வந்துபோகும் தாங்கள், மாலையில் நண்பர்களோடு பேச அமர்ந்தால் பேருந்து தவறிவிடுகிறது என்றும், வீட்டார் அதை வெட்டிப்பேச்சு என்பதால் நிறுத்திவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்த வேண்டாம். ஒருவர் தமிழில் தொடங்க, மற்றவர் மலையாளத்தில் மறுக்க, கடவுள், சாதி, வேலை என எதையும் அஞ்சாமல் பேசி, தம் கருத்தைத் தாமே திருத்திக்கொள்ளும் அந்த இன்பம், படிப்பு முடிந்து ஆளுக்கொரு ஊராகப் பிரிந்தபின் எளிதில் வாய்க்காது. எல்லைப் பகுதி மாணவர்களுக்கே உரிய பேறு அது என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். சோகநாசினி ஆற்றங்கரையில் வாரம் இரண்டு மாலைகள் மட்டும் அமருங்கள். திரும்பும் பேருந்தையும் நேரத்தையும் காலையிலேயே வீட்டில் சொல்லிவிடுங்கள். ஒரு சனிக்கிழமை நண்பர்களை வீட்டுக்கு அழைத்துத் திண்ணையிலேயே பேசுங்கள். தங்கள் பெற்றோரும் உடனிருந்து கேட்கட்டும்.