மெட்டு எங்கே இருக்கிறது?

ஐயா,
மாமாவின் பழைய பெட்டியில் அயர்ன் மெய்டன் என்ற ஆங்கில ஹெவி மெட்டல் குழுவின் 'பவர்ஸ்லேவ்' கேசட் கிடைத்தது. அதை மெட்டுக்காகக் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். மூன்று முறை கேட்டுவிட்டேன், இரைச்சல்தான் கேட்கிறது. "இதற்கு உறுமி மேளமே தேவலை" என்கிறார் அப்பா. எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?
— ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் பாடகரை விட்டுவிடுங்கள். டேவ் மர்ரி, ஏட்ரியன் ஸ்மித் இருவரின் கித்தார்களை மட்டும் பின்தொடருங்கள். நம் கோயிலில் இரட்டை நாயனம் வாசிப்பவர்கள் ஒரே சுரத்தில் சேர்ந்து போவார்கள். இங்கே பல இடங்களில் ஒருவர் 'ச'வில் நின்றால் மற்றவர் 'க'வில் நிற்பார். அவர் 'ரி'க்கு ஏறினால் இவர் 'ம'வுக்கு ஏறுவார். நான் சொன்ன மெட்டு அந்த இணைப்பில்தான் இருக்கிறது. முதல் பக்கத்தின் மூன்றாவது பாடலில் குரலே கிடையாது. அங்கிருந்து தொடங்குங்கள்.

அடியில் குதிரைப் பாய்ச்சலாக ஓடுவது ஸ்டீவ் ஹாரிஸின் பேஸ் கித்தார், அதாவது கீழ்ச்சுரக் கித்தார். வெறும் விரல்களால் மீட்டுகிறார். உறுமி கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமே இல்லை, அப்பாவிடம் சொல்லுங்கள்.

பிறகு இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாடல். 13 நிமிடங்களுக்கும் மேல் ஓடும். 1798இல் வெளிவந்த, ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் நெடுங்கவிதையை ஹாரிஸ் பாடலாக்கியிருக்கிறார்: கடற்பறவையைக் கொன்ற மாலுமி, காற்றின்றி நின்றுபோன கப்பல், ஒருவர்பின் ஒருவராகச் சாய்ந்து விழும் தோழர்கள். பாதி வழியில் எல்லாம் அடங்கிவிடும். மரப்பலகைகள் முனகும்; மெல்லிய பேஸ்; கவிதை வரிகளைச் சொல்லும் ஒரு குரல். இந்த அமைதிக்காகவே அதற்கு முன்னிருந்த வேகம் அத்தனையும் என்று எனக்குத் தோன்றும்.

1984இல் வந்த தொகுப்பு எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர இரண்டு வருடம் ஆயிற்று. ஒரு மழை இரவு, லயத்து வீட்டின் தகரக் கூரை அதிர, கேசட் ரேடியோவில் காதை ஒட்டிக்கொண்டு இந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். விடியுமுன் பெரட்டுக்கு, தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போக வேண்டிய அம்மா தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். அவருக்குக் கதையை மட்டும் முன்பே சொல்லியிருந்தேன். பாயில் புரண்டு படுத்து, "கப்பல் கரை சேர்ந்துவிட்டதா?" என்று கேட்டார்.

திரும்பத் திரும்பச் சுற்றிக் கேட்டதில் எங்கள் நாடா அந்த இடத்தில்தான் தேய்ந்துபோனது. மாமாவின் கேசட்டும் அங்கே தேய்ந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்த்து எழுதுங்கள்.