21 அடி போட்ல சாப் (காத்துல எழும்பற குட்டி குட்டி அலை) தாங்கல, அடுத்தது எவ்ளோ பெருசா போகணும்?

வந்த கேள்வி இது. 21 அடி போரைடர் (முன்பக்கமும் சீட் இருக்கற போட்) வச்சிருக்காரு, ஒரே ஸ்டெர்ன் டிரைவ் இன்ஜின் (இன்ஜின் உள்ள, ப்ரொப்பெல்லர சுத்தற டிரைவ் பின்பக்கம் வெளிய), ஹல்லோட, அதாவது போட் உடம்போட, அடிப்பக்க சாய்வு பின்பக்கம் 19 டிகிரி. காலைல தண்ணி கண்ணாடியா இருக்கறப்ப ஜம்முனு போகுது, மத்தியானம் காத்து ஏறி ரெண்டு ரெண்டரை அடி அலை வந்துட்டா மணிக்கு 40 கிமீ தாண்ட முடியல, வீட்டம்மாவுக்கு முதுகு வலி, பசங்க இனி வரமாட்டோம்னு சொல்லிட்டாங்க. 24 அடி, 26 அடி, 29 அடின்னு மூணு பழைய பெர்ஃபார்மன்ஸ் போட் (வேகத்துக்குன்னு கட்டினது) பாத்து வச்சிருக்காரு, எத எடுக்கறது, ட்வின் இன்ஜின், அதாவது ரெண்டு இன்ஜின் வேணுமா, ஸ்டெப் ஹல் நல்லதான்னு கேக்கறாரு.

முதல்ல 24அ லிஸ்ட்ல இருந்து அடிச்சிடுங்க. இத அடிச்சு சொல்றதுக்கு காரணம் நானே அந்த தப்ப பண்ணவன். 21ல இருந்து 24க்கு மாறினேன், புது போட், பெரிய இன்ஜின், டாப் ஸ்பீடு நல்லா ஏறுச்சு, ஆனா அதே அலையில அதே 40லதான் போய்ட்டு இருந்தேன், ரெண்டு சீசன் கழிச்சு அதையும் வித்துட்டு மறுபடி மாத்த வேண்டியதாச்சு. சாப்புக்காக மாத்தறீங்கன்னா ஒரே தாவலா அஞ்சாறு அடி தாவணும், மூணு அடிக்கு மூணு அடி ஏறினா காசுதான் போகும்.

ஏன்னு கேட்டா அலைக்கும் அலைக்கும் நடுவுல இருக்கற தூரம்தான். காத்துல கிளம்பற குட்டி அலை ரெண்டு செகண்டுக்கு ஒண்ணுன்னு வந்துச்சுன்னா, ஆழமான தண்ணியில ஒரு உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் ஏறக்குறைய 6 மீட்டர், அதாவது 20 அடி. ரெண்டரை செகண்டுன்னா 10 மீட்டருக்கு ஒரு பொடி கம்மி, 32 அடி. உங்க போட் 21. அதாவது ஒவ்வொரு பள்ளத்துக்கும் அளவெடுத்து தச்ச மாதிரி உள்ள போய் உக்காருது, மூக்கு கீழ இறங்கி முடிக்கறதுக்குள்ள அடுத்த அலை மூஞ்சில வந்து அடிக்குது. 29 அடின்னா ஒரு அலைய விட்டு முழுசா இறங்கறதுக்கு முன்னாடியே அடுத்தது தாங்கிக்கும். ப்ளேன்ல, அதாவது வேகத்துல போட் தண்ணிக்கு மேல எழும்பி வழுக்கிட்டு போறப்ப ஹல்லோட பின்பகுதிதான் தண்ணிய தொட்டுட்டு இருக்கும், அதனால இந்த கணக்கு அச்சு அசலா பொருந்தாது, ஆனா ஓட்டிப் பாத்தீங்கன்னா வித்தியாசம் இப்படித்தான் தெரியும். நீளத்தோட எடையும் சேந்து ஏறுது, ட்வின் இன்ஜின் போட்ட 29 உங்களோடத விட ரெண்டு மடங்குக்கு மேல வெயிட் இருக்கும், அலை தூக்கி எறியறது அவ்ளோ சுலபமில்ல.

அடுத்தது டெட்ரைஸ், அதாவது ஹல் அடிப்பக்கம் தரைமட்டத்துல இருந்து எத்தனை டிகிரி சாய்ஞ்சு வி மாதிரி போகுதுங்கறது. ஒரு வாளி தண்ணியில உள்ளங்கைய தட்டையா வச்சு ஓங்கி அடிச்சுப் பாருங்க, சுள்ளுனு எரியும். அதே கைய கத்தி மாதிரி திருப்பி வெட்டுங்க, ஒண்ணும் தெரியாது. 19 டிகிரிக்கும் 24 டிகிரிக்கும் வித்தியாசம் அந்த மாதிரிதான், அவ்ளோ அதிகமா இல்லன்னாலும் முதுகெலும்பு கண்டுபிடிச்சிடும். ஆழமான வி-ய பின்பக்கம் வரைக்கும் குறைக்காம கொண்டுபோன டிசைனர் ரே ஹன்ட். 1960ல மயாமி-நஸாவ் போட் ரேஸ்ல கடல் மோசமா இருந்த அன்னிக்கு டிக் பெர்ட்ராம், ஹன்ட் டிசைன் பண்ணின தன்னோட 30 அடி மரப் போட் 'மாப்பி'ய எடுத்துட்டுப் போய் ஜெயிச்சாரு, அப்புறம் அந்த ஹல்ல இருந்துதான் பெர்ட்ராம் 31ங்கற போட் வந்துச்சு. இன்னிக்கு கரடுமுரடு தண்ணிக்குன்னு விக்கற பெரும்பாலான போட் அந்த குடும்பம்தான்.

இதுல விக்கறவங்க ஒரு விளையாட்டு காட்டுவாங்க. எத்தனை டிகிரின்னு கேட்டா 24ம்பாங்க, ஆனா அது நடுவுல எடுத்த அளவு, பின்பக்கம் வர்றப்ப 20 ஆயிருக்கும். நீங்களே அளந்துக்கோங்க. போட் ட்ரெய்லர்ல இருக்கறப்ப பின்னாடி போய் குனிஞ்சு, போன்ல கோணம் காட்டற ஆப்ப திறந்து, ஸ்ட்ரேக் (ஹல் அடியில நீளவாக்குல துருத்திட்டு இருக்கற வரம்பு) மேல வைக்காம ரெண்டு ஸ்ட்ரேக்குக்கு நடுவுல இருக்கற சமதளத்துல போன ஒட்டி வைங்க. இடது பக்கம் ஒண்ணு வலது பக்கம் ஒண்ணு. ட்ரெய்லர் கொஞ்சம் சாய்ஞ்சு நிக்கும், அதனால ஒரு பக்கம் 26, இன்னொரு பக்கம் 22ன்னு வரலாம், பதற வேண்டாம், ரெண்டையும் கூட்டி பாதியாக்கினா 24.

24 டிகிரி சும்மா வராது. நின்னுட்டு இருக்கறப்ப பக்கவாட்டுல ஆடும், ஒருத்தர் ஓரமா நடந்தாலே சாயும், அதே வேகத்துக்கு பவரும் அதிகம் கேக்கும். நீங்க நங்கூரம் போட்டு நாள் பூரா குளிச்சுட்டு மீன் பிடிச்சுட்டு இருக்கற ஆளுன்னா 21, 22 டிகிரியே போதும்னு சொல்லியிருப்பேன். நீங்க ஓட்டறதுக்குன்னே போறவர் மாதிரி தெரியுது.

வேகத்த பத்தி ஒண்ணு. அலையில வாங்கற அடி வேகத்தோட வர்க்கமா ஏறும். 40ல இருந்து 56க்கு போனீங்கன்னா ஸ்பீடு கூடினது பாதிக்கும் கம்மி, அடி ரெண்டு மடங்கு. அதனால விளம்பரத்துல 110 போகும் 120 போகும்னு எழுதியிருக்கறத பாக்காதீங்க, அந்த ஸ்பீடு வருஷத்துல நாலு காலைக்குத்தான் கிடைக்கும். ரெண்டரை அடி அலையில ஒரு மணி நேரம் விடாம எத்தனைல போகலாம், இதுதான் நீங்க வாங்கற சரக்கு.

ஸ்டெப் ஹல் இப்ப வேண்டாம். அடியில படிக்கட்டு மாதிரி வெட்டி காத்த உள்ள விட்டு தண்ணி ஒட்டற பரப்ப குறைக்கறாங்க, அதே இன்ஜின்ல ஸ்பீடும் மைலேஜும் கூடும், உண்மைதான். ஆனா வேகத்துல மூக்க கீழ அமுக்கி வச்சுட்டு டக்குனு ஸ்டீயரிங்க ஒடிச்சா பின்பக்கம் பிடிய விட்டு வழுக்கி சுத்திடும், ஆள் வெளிய பறக்கற அளவுக்கு. முறையா கத்துக்கிட்டவங்களுக்கு அது அருமையான ஹல், பசங்கள ஏத்திக்கிட்டு முதல் தடவ பெரிய போட் எடுக்கறவருக்கு ஸ்டெப் இல்லாத சாதா டீப்-வி தப்ப மன்னிக்கும்.

ட்வின் விஷயத்துல உங்க பாக்கெட்தான் முடிவு பண்ணணும். பெட்ரோல் இன்ஜின் ஃபுல் த்ராட்டில்ல குதிரைத்திறன்ல பத்துல ஒரு பங்கு அமெரிக்க கேலன் ஒரு மணி நேரத்துக்கு குடிக்கும்னு ஒரு தோராயக் கணக்கு இருக்கு. 300 குதிரைக்கு 30 கேலன், நம்ம கணக்குல சுமார் 113 லிட்டர். 350ஆ ரெண்டு போட்டா 265 லிட்டர். க்ரூஸ்ல, அதாவது சாதாரண ஓட்டத்துல பாதியோ அதுக்கும் கீழயோதான் ஆகும், இருந்தாலும் மனசுல வச்சுக்கோங்க. அப்புறம் தேஞ்சு மாத்த வேண்டிய பாகங்கள், பெல்லோஸ், கிம்பல் பேரிங், தண்ணி பம்ப் இம்பெல்லர், எக்ஸாஸ்ட் ரைசர், எல்லாமே ரெண்டு ரெண்டு. பதிலுக்கு என்ன கிடைக்குதுன்னா படகுத்துறைல காத்தடிக்கறப்ப ஒண்ண முன்னாடி ஒண்ண பின்னாடி போட்டு நின்ன இடத்துலயே திருப்பலாம், ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணுல வீடு வரலாம். வரலாம்னா மெதுவா, ஒரு இன்ஜின்ல அந்த வெயிட் பெரும்பாலும் ப்ளேன் ஏறாது.

ஆக 29 ட்வின், அளந்து பாத்து 24 டிகிரி இருந்து, மெயின்டனன்ஸ் தாங்கும்னா அதான் என் ஓட்டு. தாங்காதுன்னா 26 சிங்கிள், ஆனா அதுவும் 24 டிகிரியா கனமான ஹல்லா இருக்கணும். தட்டையான 29 விட கூர்மையான 26 மேல். இழுக்கற வண்டியையும் பாத்துக்கோங்க, 29ஓட ட்ரெய்லரும் பெட்ரோலும் சேந்தா 4 டன்ன தாண்டறது சாதாரணம், உங்க இப்போதைய வண்டி அதுக்கு ஆகுமான்னு இப்பவே மேனுவல பாருங்க.

பழைய பெர்ஃபார்மன்ஸ் போட்டுன்னா யாரோ அத நல்லா அடிச்சு ஓட்டியிருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டே பாக்கணும். பிளாஸ்டிக் சுத்தியலால ட்ரான்சம, அதாவது போட்டோட பின்சுவர, தட்டிட்டே வாங்க, டக் டக்னு வந்துட்டு இருக்கற சத்தம் ஒரு இடத்துல தொப்புனு மந்தமா விழுந்தா உள்ள மரம் ஊறியிருக்கலாம். டிரைவ கையால மேலயும் கீழயும் அசைக்கறப்ப ட்ரான்சம் சேந்து அசையுதான்னு இன்னொருத்தர விட்டு பாக்கச் சொல்லுங்க. இன்ஜின் மவுன்ட் போல்ட் ஸ்ட்ரிங்கர்ல (ஹல் உள்ள நீளவாக்குல ஓடற தாங்குகட்டை) இறுகி நிக்குதா, இல்ல சுத்தச் சுத்த சுத்திட்டே இருக்கான்னு பாருங்க. ஸ்ட்ரேக் ஓரத்துல நட்சத்திரம் மாதிரி விரிசல், கேபின் உள்ள தடுப்புப் பலகை ஹல்ல விட்டு பிரிஞ்ச கோடு, இதெல்லாம் இருந்தா விலை எவ்ளோ குறைச்சாலும் நகந்துடுங்க. இன்ஜின் கம்ப்ரெஷன் டெஸ்ட், மரைன் சர்வேயர் (போட்ட பரிசோதிச்சு அறிக்கை தர்றவர்), ரெண்டும் கட்டாயம், அதுல மிச்சம் பிடிக்காதீங்க.

விக்கறதுக்கு முன்னாடி இருக்கற 21லயே ஒரு வேலை பண்ணிப் பாருங்க. ட்ரிம் டேப் (பின்சுவர் அடியில மேல கீழ அசையற தகடு) இருக்கா? இல்லன்னா மாட்டறது பெரிய செலவில்ல. எதிர் அலையில போறப்ப டிரைவ உள்பக்கமா இழுத்துட்டு, டேப் ஸ்விட்ச்ச அரை செகண்டு அரை செகண்டா தட்டி விடுங்க, மூக்கு மெல்ல இறங்கும், முன்னாடி இருக்கற கூர்மையான பகுதி அலைய வெட்ட ஆரம்பிக்கும், திடுதிடுங்கற சத்தம் மாறி சர்ருனு வரும். நிறைய பேர் மூக்க தூக்கிட்டு ஓட்டி, பின்னாடி தட்டையான இடத்துல அடி வாங்கிட்டு போட்ட குறை சொல்றாங்க. பின்னாடி இருந்து அலை வர்றப்ப மட்டும் இத அப்படியே தலைகீழா பண்ணுங்க, டேப்ப முழுசா மேல தூக்கிடணும், இல்லன்னா மூக்கு முன்னால அலையில குத்தி போட் பக்கவாட்டுல இழுத்துடும். இது பழகினா எந்த போட் வாங்கினாலும் கை ரெடியா இருக்கும். வீட்டம்மாவ முன்பக்க சீட்ல உக்கார வைக்காதீங்க, அலையில அதிகமா தூக்கிப் போடற இடமே மூக்குதான், பின் சீட்டுக்கு மாத்துங்க. நீங்க நின்னு, முட்டிய லேசா மடக்கி ஓட்டுங்க, நீங்க தவறி விழுந்தா இன்ஜின நிறுத்தற கில் ஸ்விட்ச் கயிறு உடம்புல மாட்டியிருக்கணும்.

டெஸ்ட் ரைடுக்கு காலைல ஏழு மணிக்கு வாங்கன்னு கூப்பிடுவாங்க. போகாதீங்க, காத்து ஏறினப்பறம் வர்றேன்னு சொல்லுங்க, அதுக்கு ஒத்துக்கலன்னா அந்த போட்ட பத்தி தெரிய வேண்டியது தெரிஞ்சுடுச்சு. டேங்க் பாதிக்கு மேல நிரப்பி, உங்க வீட்டாளுங்க எத்தனை பேரோ அத்தனை பேர ஏத்தி, நேர் எதிரா, குறுக்கா, அலையோடன்னு மூணு திசையிலயும் ஓட்டிப் பாருங்க. 55 கிமீல பின் சீட்ல உக்காந்து வீட்டம்மா கம்பிய பிடிக்காம பேசிட்டு வராங்களான்னு திரும்பிப் பாத்துக்கோங்க.

29ஓட பின்பக்க டிகிரிய அளந்துட்டு ஒரு வரி எழுதுங்க, ப்ரொப்பெல்லர் மூணு பிளேடா நாலு பிளேடான்னு அதுக்கப்புறம் பேசலாம்.