டோக்கனை நிறுத்தியும் பையன் பழையபடி ஆகல: ஒரு வாசகர் கடிதம்

அன்புள்ள சார்,

ஸ்பெஷல் எஜுகேஷன்ல தீசிஸ் பண்றேன். என்னோட மாணவனுக்கு ஒன்பது வயசு, பீரியட் நடுவுல சும்மா சும்மா எழுந்து போயிடுவான், பேஸ்லைன்ல, அதாவது எதுவும் செய்யறதுக்கு முன்னாடி சும்மா எண்ணிப் பார்த்தப்போ, ஒரு பீரியடுக்கு 10, 12 தடவை. எழுந்து போகாம உக்கார்ந்திருந்தா டோக்கன், அதைச் சேர்த்து வெச்சுப் பிடிச்ச பரிசா மாத்திக்கலாம்னு கொடுக்க ஆரம்பிச்சதும் 2, 3-க்கு இறங்கிடுச்சு. இப்ப கைடு சொன்னபடி டோக்கனை நிறுத்தி அஞ்சு நாள் ஆச்சு, 3, 3, 4, 3, 4-ன்னு அப்படியே நிக்குது. "பழைய நிலைக்குத் திரும்பலைன்னா உன் ஸ்டடியில ஒண்ணுமே நிரூபணம் ஆகல"ங்கறார் கைடு. நல்லா ஆன பையனை வேணும்னே கெடுத்துத்தான் காட்டணுமா சார்? இப்ப நான் என்ன பண்றது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்க கைடு சொல்றதுல பாதி சரி. பேஸ்லைன், அப்புறம் டோக்கன், இத்தோட நிறுத்தியிருந்தீங்கன்னா உங்க கையில இருக்கறது ஒரே ஒரு மாற்றம், அதே வாரத்துல அவன் பக்கத்துல உக்கார்ற பையன் மாறியிருக்கலாம், வீட்டுல யாராவது மிரட்டியிருக்கலாம், எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. எடுத்தா ஏறுது, திரும்பக் கொடுத்தா இறங்குதுன்னு வந்தாதான் தற்செயல்ங்கற வாதம் அடிபடும். கல்வி ஆய்வுகளைத் தரம் பார்க்கற அமெரிக்க அரசு அமைப்பான வாட் ஒர்க்ஸ் கிளியரிங்ஹவுஸ் 2010-ல போட்ட விதிமுறையிலயும் இதைத்தான் கேட்டாங்க, மூணு வெவ்வேறு நேரத்துல குறைஞ்சது மூணு தடவை விளைவு தெரியணும், ஒவ்வொரு கட்டத்துலயும் கிராஃப்ல மூணு புள்ளியாவது இருக்கணும், அஞ்சு இருந்தாதான் முழுத் தகுதின்னு. ஏபிஏபி டிசைன்ல (ஏ-ன்னா டோக்கன் இல்லாத கட்டம், பி-ன்னா டோக்கன் கொடுக்கற கட்டம்) நாலு கட்டம் வர்றது அதனாலதான்.

ஆனா "பழைய நிலைக்கே" திரும்பணும்னு யார் சொன்னா? 1968-ல ஹால், லண்ட், ஜாக்சன் மூணு பேரும் செஞ்ச ஸ்டடியை எடுத்துப் பாருங்க. அதுல ராபிங்கற ஒரு மூணாம் வகுப்புப் பையன். பாட நேரத்துல ரப்பர் பேண்டை இழுத்து விடறது, பாக்கெட்ல இருந்து பொம்மையை எடுத்து விளையாடறது, பாலைக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிட்டு காலி டப்பாவை வெச்சு விளையாடறது, இதான் வேலை. டீச்சர் அவனைக் கவனிச்சதுல பாதிக்கு மேல இந்த மாதிரி நேரத்துலதான். அதை மாத்தி, அவன் படிக்கும்போது மட்டும் கவனிங்கன்னு சொன்னாங்க, பார்வையாளர் ஒரு சின்ன கலர் பேப்பரைத் தூக்கிக் காட்டினா டீச்சர் போய் அவனைப் பாராட்டணும், அவ்ளோதான். படிப்பு நேரம் 25 சதவீதத்துல இருந்து சராசரி 71 ஆச்சு. பாராட்டை நிறுத்தினப்போ சராசரி 50-க்கு வந்துச்சு, 25-க்குப் போகல! திரும்பக் கொடுத்ததும் 70, 80-ன்னு ஏறிடுச்சு. அந்த 50 போதும், கோடு எந்த இடத்துல திரும்புதுங்கறதுதான் கண்ணுல படணும்.

உங்க கேஸ்ல அந்தத் திருப்பமே இன்னும் தெரியல, அதான் சிக்கல். நான் முதல்ல கேக்கறது இதுதான்: டோக்கனை மட்டும்தானே நிறுத்தினீங்க? டோக்கன் கொடுக்கும்போது கூடவே ஒரு சிரிப்பு, ஒரு "வெரி குட்" இருந்திருக்கும்ல, அது இன்னும் ஓடிட்டுதானே இருக்கு? அப்படின்னா நீங்க பாதியைத்தான் எடுத்திருக்கீங்க. யாரையாவது பின்னாடி உக்கார வெச்சு நீங்க பாராட்டறதையும் எண்ணச் சொல்லுங்க. பெரும்பாலும் இதான் காரணமா இருக்கும்னு எனக்குத் தோணுது. இல்லைன்னா உக்கார்ந்து வேலையை முடிக்கறதே அவனுக்குப் பிடிச்சுப் போயிருக்கலாம், கூடப் படிக்கறவங்க அவனைச் சேத்துக்க ஆரம்பிச்சிருக்கலாம், அப்ப டோக்கன் இல்லாமலே அது நிக்கும். இல்ல, முதல்லயே டோக்கன் காரணமா இல்லாமயும் இருந்திருக்கலாம். இந்த மூணையும் உங்க கிராஃப் பிரிச்சுச் சொல்லாது, கைடு பேச்சுல சரியான பாதி இதுதான்.

கெடுக்கறதான்னு கேட்டீங்க. எழுந்து போற பழக்கம் கொஞ்ச நாள் திரும்பி வந்தா யாருக்கும் காயம் இல்ல, பெற்றோர்கிட்ட முன்னாடியே சொல்லி ஒப்புதல் வாங்கியிருந்தா நான் தயங்க மாட்டேன். தன்னையே அடிச்சுக்கற குழந்தைன்னா இந்தப் பேச்சுக்கே இடமில்ல. எழுத்துக்கூட்டிப் படிக்கறது மாதிரி கத்துக்கிட்ட விஷயத்துக்கும் இந்த டிசைன் ஆகாது, சொல்லிக் கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியாதே.

பாராட்டையும் நிறுத்தி இன்னொரு மூணு நாலு நாள் பாருங்க, ஏறினா டோக்கனைத் திரும்பக் கொடுத்து அந்தக் கட்டத்துலயே முடிங்க. ஏறலைன்னா அதுக்கு மேல இழுக்காதீங்க, கோபமா பேசி கீசி அவனை எழுப்பிவிடற வேலையே வேண்டாம். மல்டிபிள் பேஸ்லைனுக்கு மாறிடுங்க, இதே பிரச்சனை இருக்கற வேற மூணு பசங்களை எடுத்து எல்லாருக்கும் ஒரே நாள்ல பேஸ்லைன் தொடங்கி டோக்கனை மட்டும் ஒருத்தருக்கு அப்புறம் ஒருத்தர்னு தள்ளித் தள்ளிக் கொடுங்க, யாருக்கும் எதையும் திரும்ப எடுக்க வேண்டியதில்ல. தீசிஸ்ல இந்தப் பையனோட கிராஃபை மறைக்காம போடுங்க, டோக்கன் நிறுத்தின நாளையும் பாராட்டு நிறுத்தின நாளையும் தனித்தனி கோடு போட்டுக் காட்டுங்க.